சைக்கடெலிக் ஃபோக்: முதல் ஆல்பத்தை வீட்டிலேயே பதிவுசெய்து தனியாக வெளியிட முழுமையான வழிகாட்டி

நாட்டுப்புறப் பாணி கிதார்ப் பாட்டோடு மயக்கமூட்டும் ஒலிகளைக் கலக்கும் இசைதான் சைக்கடெலிக் ஃபோக். அதில் ஆல்பம் செய்ய வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைசி வேலையை முதலில் தொடங்கிவிடுகிறார்கள். எதிரொலி, ரிவெர்ப், ஃபேஸர் என்று ஒலியை மாற்றும் எஃபெக்ட் பிளக்-இன்களைச் (துணை மென்பொருள்களை) சேகரிக்கிறார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கிதார் துணுக்கை வாசித்துப் பார்க்கிறார்கள். அது காதுக்கு இதமாக இருந்ததும் பாட்டு பிறந்துவிட்டதாக நம்புகிறார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் கணினி நிறையப் பாதியில் நிற்கும் கோப்புகள். முழுப் பாட்டு ஒன்றுகூட இருக்காது.

இந்த இசையின் மயக்கம் சுருதியிலிருந்தும், விடாமல் சுழன்று வரும் விரல் வாசிப்பிலிருந்தும், குரலிலிருந்தும் வருகிறது. எஃபெக்ட் அதைப் பெருக்கிக் காட்டும். பெருக்குவதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்தை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. படிகளை இடம் மாற்றினால், முடித்த வேலையை மறுபடி செய்ய நேரும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு அகூஸ்டிக் கிதார், இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஸ்டாண்ட், பாப் ஃபில்டர், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன். திறந்த வகை ஹெட்ஃபோன் வேண்டாம். அதில் சுருதிக்காக ஒலிக்கும் தம்புராவும் தாளம் தட்டும் மெட்ரோனோமும் வெளியே கசிந்து, மெதுவாகப் பாடும் இடங்களில் மைக்கில் ஏறிவிடும்.

கண்டென்ஸர் மைக் வாங்கினால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (மைக்குக்கு கேபிள் வழியே செல்லும் மின்சாரம்) இருக்கிறதா என்று பாருங்கள். வீடு பேருந்து போகும் சாலையில் இருந்தால் கண்டென்ஸரைவிட டைனமிக் மைக் நல்லது. நுட்பம் சற்றுக் குறையும், ஆனால் தெருச் சத்தமும் குறையும்.

பதிவு மென்பொருளில் எதையும் தேர்ந்துகொள்ளலாம். ரீப்பர் 60 நாள் சோதனைக்கு முழுமையாகக் கிடைக்கிறது. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்டே போதும். ஆல்பம் நடுவில் மென்பொருளை மாற்றக்கூடாது என்பதுதான் முக்கியம்.

ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும். ஒவ்வொரு நாள் பதிவும் அன்றே இரண்டிலும் சேர வேண்டும். அமெரிக்கப் பாடகி லிண்டா பெர்ஹாக்ஸின் முதல் ஆல்பம் 1970-இல் வந்தபோது இசைத்தட்டில் ஒலி மங்கிப்போயிருந்தது. பல ஆண்டுகள் கழித்து நல்ல ஒலியில் மறுவெளியீடு வர உதவியது அவர் தன்னிடமே பத்திரமாக வைத்திருந்த டேப்.

## 1. பாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள்

எட்டு அல்லது ஒன்பது பாட்டு, மொத்தம் 35 முதல் 42 நிமிடம். இந்த அளவு எல்பி இசைத்தட்டிலிருந்து வருகிறது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு மேல் போனால் ஒலியளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். இசைத்தட்டு போடும் எண்ணம் இல்லாதவருக்கும் இது நல்ல அளவு. ஒரே மூச்சில் கேட்டு முடிக்கலாம்.

ஒவ்வொரு பாட்டையும் குரலும் கிதாரும் மட்டும் வைத்து, ஃபோனில், ஆரம்பம் முதல் முடிவுவரை பதிவுசெய்யுங்கள். ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். பிறகு கேட்கும்போது எந்த இடத்தில் கவனம் நழுவுகிறதோ அங்கே பாட்டு இன்னும் எழுதி முடியவில்லை. "இங்கே எஃபெக்ட் வரும்" என்று மனதில் நிரப்பிக்கொண்டு கேட்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

ஏழு, எட்டு நிமிட நீளப் பாட்டு ஆல்பத்துக்கு ஒன்று போதும். எல்லாமே நீளமாக இருந்தால் நீளம் தன் வலிமையை இழந்துவிடும்.

## 2. சுருதியையும் டியூனிங்கையும் முடிவுசெய்யுங்கள்

மைக்கை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பாட்டுக்கும் ஸட்ஜம் (ஆதார சுரமான ஸ) எது என்று எழுதிவைக்க வேண்டும். 1 கட்டை என்றால் சி, 2 கட்டை டி, 5 கட்டை ஜி. மாலையில், உட்கார்ந்த நிலையில், பாட்டின் மிகத் தாழ்ந்த சுரம் மூச்சாக உதிராமல் முழுதாக ஒலிக்கிறதா என்பதைக் கொண்டு தேர்ந்தெடுங்கள். இந்த இசையில் மெல்லிய கீழ்க்குரல்தான் அதிகம் வேலை செய்கிறது. உச்ச சுரத்தைக் கணக்கிட்டுச் சுருதி வைப்பது மேடைக் கச்சேரியின் பழக்கம்.

அடுத்தது கிதார் டியூனிங். டி-ஏ-டி-ஜி-ஏ-டி (ஆறு கம்பிகளும் தாழ்ந்ததிலிருந்து இந்தச் சுரங்களில்), ஓபன் டி, ஓபன் சி (திறந்த கம்பிகளே டி அல்லது சி கார்டாக ஒலிப்பவை) ஆகிய மூன்றில் இரண்டைத் தேர்ந்தால் ஒரு ஆல்பத்துக்குத் தாராளம். பாட்டுக்கு ஒரு டியூனிங் வைத்தால் பதிவு நாட்களில் பாதி நேரம் கம்பி முறுக்குவதிலேயே போகும். தளர்த்தி இறுக்கிய கம்பி நிலைகொள்ளாமல் பாட்டின் நடுவே நழுவும்.

இனி வருவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தம்புராவின் நாதத்தில் அந்தர காந்தாரம் (பெரிய க) தானாகவே ஒலிக்கும். அது ஸட்ஜக் கம்பியின் ஐந்தாவது மேலொலி, அதாவது அடிப்படை அதிர்வைப் போல ஐந்து மடங்கு அதிர்வு. கிதாரின் ஃபிரெட்கள் சம இடைவெளிக் கணக்கில் பதிக்கப்பட்டவை. அதனால் கிதாரின் காந்தாரம் தம்புராவினுடையதைவிட ஏறத்தாழ 14 சென்ட் (அரைச் சுரத்தை நூறாகப் பிரித்ததில் 14 பங்கு) உயரத்தில் நிற்கிறது. இரண்டும் சேரும்போது ஒலி அலை அலையாக அடிக்கும்.

நீங்களே சோதிக்கலாம். மந்திர ஸட்ஜம் (கீழ் ஸ்தாயி ஸ) 73.4 ஹெர்ட்ஸ் இருக்கும்படி தம்புராவை 2 கட்டையில் ஓடவிட்டு, டி சுரத்துக்கு வைத்த நான்காம் கம்பியின் நான்காம் ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். தம்புராவின் மேலொலி 367 ஹெர்ட்ஸில் நிற்க, கிதாரின் இரண்டாம் மேலொலி 370-இல் நிற்கும். வினாடிக்கு மூன்று துடிப்பு தெளிவாகக் கேட்கும். பாட்டு முழுவதும் இது ஓடினால் கேட்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ பிசகு என்று மட்டும் தோன்றும். பதிவுசெய்தவரோ மைக்கைக் குறைசொல்வார்.

தீர்வுகள் இரண்டு. ஒன்று, கிதாரிலிருந்து காந்தாரத்தையே எடுத்துவிட்டு அதைக் குரலுக்குக் கொடுப்பது. டி-ஏ-டி-ஜி-ஏ-டி இந்த இசைக்கு இவ்வளவு பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: அதன் திறந்த கம்பிகளில் காந்தாரம் கிடையாது. மற்றொன்று, ஓபன் டி-யில் காந்தாரம் ஒலிக்கும் மூன்றாம் கம்பியை டியூனரில் 14 சென்ட் கீழே இறக்குவது. அந்தக் கம்பியைத் திறந்தே வாசிக்கும் பாட்டுகளில் இது அருமையாக அமையும். அதை ஃபிரெட்டில் அழுத்தும் பாட்டுகளில் செய்யாதீர்கள். எல்லாச் சுரமும் சேர்ந்து இறங்கிவிடும்.

ஹார்மோனியம் சேர்ப்பதாக இருந்தால் அதை இப்போதே டியூனரில் அளந்துவிடுங்கள். பழைய ஹார்மோனியங்கள் பல 440 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஒத்திருப்பதில்லை. ரீட்களை வீட்டில் மாற்ற முடியாது, கிதாரை மாற்ற முடியும். எனவே ஹார்மோனியம் நிற்கும் இடத்துக்குத் தம்புராவும் கிதாரும் வர வேண்டும். கிதாரைப் பதிவுசெய்த பிறகு ஹார்மோனியத்தைக் கொண்டுவந்தால் ஒன்றும் செய்ய இயலாது.

## 3. உரிமைகளை முதலிலேயே எழுதிவையுங்கள்

பாட்டு ஒரு உரிமை, ஒலிப்பதிவு வேறொரு உரிமை. வரி எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் எத்தனை சதவீதம், ஒலிப்பதிவு யாருடையது, வந்து வாசிக்கும் நண்பருக்கு ஒருமுறைப் பணமா பங்கா என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெளியான பிறகு பேசத் தொடங்கினால் நட்பும் கெடும், பாட்டும் முடங்கும்.

இந்தியச் சட்டத்தில் பாடலுக்கு ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் காப்புரிமை உண்டு. சித்தர் பாடல்கள், பாரதியின் வரிகள் ஆகியவற்றுக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் பழைய வரிக்கு மற்றொருவர் அமைத்த மெட்டு அவருடையது. நாட்டுப்புறப் பாட்டை ஒருவரிடம் நேரில் கற்றிருந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள், சம்மதம் கேளுங்கள், வருமானத்தில் பங்கும் கொடுங்கள். சட்டம் எதுவாக இருந்தாலும் இது செய்யத்தக்க காரியம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் லூப்களைத் தவிர்த்துவிடுங்கள். அதே லூப்பைப் பயன்படுத்திய வேறொருவர் யூடியூபின் உரிமை அடையாள முறையில் முதலில் பதிந்திருந்தால் உங்கள் பாட்டின் மேல் கோரிக்கை விழும்.

## 4. அறையைத் தயார்செய்யுங்கள்

மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் நிறுத்துங்கள். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். பல வீடுகளில் அடியில் கேட்கும் முனகல் சார்ஜர் வழியாக வருவதுதான். மெத்தையை மைக்குக்கு எதிரே, பாடுபவரின் முதுகுப் பக்கம் நிறுத்துங்கள். குரல் பட்டுத் திரும்பும் சுவரைவிட, மைக் பார்த்துக்கொண்டிருக்கும் சுவர்தான் அதிகம் கெடுக்கும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்தாலும் பலன் உண்டு.

நள்ளிரவுக்குப் பின், காக்கை எழுவதற்கு முன் உள்ள நேரம் சிறந்தது. எந்த நேரமானாலும் முதலில் 15 வினாடி வெறும் அறையைப் பதிவுசெய்து ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். தினமும் இதைச் செய்தால், நேற்று இல்லாத இரைச்சல் இன்று வந்திருப்பது பாடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

குளியலறை எதிரொலிக்காக அங்கே போய்ப் பாடுவது வேண்டாம். பதிவில் ஏறிய எதிரொலியைப் பிறகு எடுக்க முடியாது.

## 5. கிதாரைப் பதிவுசெய்யுங்கள்

கம்பிகளை முந்தைய நாள் மாற்றி, நன்றாக இழுத்து, இரவு முழுதும் சுருதியில் விட்டுவையுங்கள். கடலோர ஊர்களில் கம்பி வேகமாகத் துருப்பிடிக்கும். மங்கிய கம்பியைப் பிறகு ஈக்வலைஸரால் பளிச்சிடச் செய்யப் பார்த்தால் இரைச்சல்தான் கூடும்.

பதிவு அமைப்பு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்; கராஜ்பேண்டில் 44.1. மைக்கைப் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேராக 20 முதல் 30 செண்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அங்கே காற்று தள்ளும் கனத்த அடியொலி மட்டுமே மிஞ்சும், விரலின் நுணுக்கம் போய்விடும்.

அளவுமானியில் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 10 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். 24 பிட்டில் சத்தமாகப் பதிவுசெய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஒருமுறை வெட்டுப்பட்ட ஒலி மீளாது.

ஹெட்ஃபோனில் தம்புரா ஓடட்டும். மெட்ரோனோம் வேண்டுமா என்பதைப் பாட்டு வாரியாக முடிவுசெய்யுங்கள். குரலும் கிதாரும் மட்டும் உள்ள பாட்டு சுதந்திரமாக மூச்சுவிடலாம். தாள வாத்தியமோ, தாளத்துக்கு ஒத்த எதிரொலியோ சேரப்போகிற பாட்டுக்கு மெட்ரோனோம் அவசியம்.

முழுப் பாட்டாக மூன்று முறை வாசித்துச் சிறந்ததை எடுங்கள். நான்கு தட்டுத் துணுக்கை வாசித்து லூப் செய்யாதீர்கள். ஒரே சுழற்சியைக் கை திரும்பத் திரும்ப வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் நுண்ணிய மாற்றம் வரும். கேட்பவரை உள்ளே இழுப்பது அந்த மாற்றம்தான்.

## 6. குரலைப் பதிவுசெய்யுங்கள்

பாப் ஃபில்டரிலிருந்து ஒரு கைச்சாண் தள்ளி, மைக்குக்குச் சற்றுப் பக்கவாட்டில் பாடுங்கள். ஒரே நாளில் இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம்.

குரலை இரட்டிப்பாக்க மறுபடி பாட வேண்டும். பதிவை நகலெடுத்து மேலே வைத்தால் 6 டெசிபல் சத்தம் கூடும், வேறொன்றும் நடக்காது. இரண்டாம் முறை பாடும்போது ப, ட, க போன்ற எழுத்துகளை லேசாக விட்டுவிட்டு உயிரொலிகளை மட்டும் இழுத்துப் பாடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வல்லினமும் இரண்டு முறை தட்டும்.

## 7. மற்ற வாத்தியங்களைச் சேருங்கள்

பாட்டுக்கு இரண்டு கூடுதல் வாத்தியம் என்று எல்லை வையுங்கள். கஞ்சிராவில் ஒரு எச்சரிக்கை: தோலை நனைத்துச் சுருதியை இறக்கிய பிறகு அது காயக் காய மேலே ஏறும். ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் கேட்டு, தேவையானால் மீண்டும் நனைத்து வாசிக்கச் சொல்லுங்கள். முதல் டேக்கின் தொடக்கத்தையும் மூன்றாம் டேக்கின் முடிவையும் ஒட்டினால் இரண்டு வேறு வாத்தியங்கள் போல இருக்கும்.

## 8. இப்போது எஃபெக்ட்

எஃபெக்ட் இல்லாத எல்லாத் தடங்களையும் தனிக் கோப்புறையில் பூட்டிவையுங்கள். இனி எது செய்தாலும் தனி எஃபெக்ட் தடத்துக்கு அனுப்பிச் செய்யுங்கள். மூல ஒலி அப்படியே இருக்கும், தவறானதை ஒரு நிமிடத்தில் நீக்கலாம். ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு முதன்மை எஃபெக்ட் போதும். நான்கு சேர்ந்தால் அவை ஒன்றையொன்று மறைத்து, கடைசியில் வெறும் மூட்டம் எஞ்சும்.

எதிரொலி. 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி வினாடி என்று கிடைக்கும். நிமிடத்துக்கு 72 தட்டு என்றால் 833. அதில் முக்கால் பங்கு, 625 மில்லி வினாடி, விரல் வாசிப்போடு பின்னி நிற்கும். எதிரொலி தட்டின் மேலேயே விழாமல் தட்டுகளுக்கு நடுவே விழுவதுதான் காரணம்.

ரிவெர்ப். 40 மில்லி வினாடி முன்தாமதம் கொடுங்கள். சொல் முன்னே வந்து, வெளி பின்னால் விரியும். ரிவெர்ப் தடத்தில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். தமிழில் பாடுபவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மெய்யெழுத்தின் கால அளவை நம்பியே நமக்குப் பொருள் பிரிகிறது. "பட்டு" என்பதில் உள்ள சிறு நிசப்தத்தை நீண்ட ரிவெர்ப் நிரப்பிவிட்டால் அது "படு" என்று காதில் விழும். வரி புரியாத இடங்களில் ரிவெர்ப் அளவைக் குறைப்பதற்கு முன் அதன் நீளத்தைக் குறைத்துப் பாருங்கள்.

தலைகீழ் ரிவெர்ப். சொல்லுக்கு முன்பே அதன் நிழல் வந்து சேரும் ஒலி இது. குரலின் ஒரு வரியை நகலெடுங்கள், திருப்பிப் போடுங்கள், முழு ரிவெர்ப் மட்டும் கேட்கும்படி வைத்துப் புதிய கோப்பாக்குங்கள், அந்தக் கோப்பை மறுபடி திருப்புங்கள், அசல் வரியோடு முடிவுகளைப் பொருத்தி வையுங்கள். இரண்டாம் திருப்பலை மறப்பவர்களும், கோப்பாக்கும்போது ரிவெர்ப் வால் வெட்டுப்பட விடுபவர்களும் ஏராளம். கடைசியில் சில வினாடி வெற்றிடம் சேர்த்துக்கொண்டால் வால் தப்பும். பாட்டில் ஓரிடத்தில் வரட்டும். ஒவ்வொரு வரிக்கும் வைத்தால் வியப்பு போய்விடும்.

வேக மாற்றம். பாட்டைச் சற்று வேகமாக ஓடவிட்டு அதன்மேல் புல்லாங்குழலை வாசித்து, பிறகு இயல்பு வேகத்துக்கு இறக்கினால் குழலின் உடல் பெரிதாகும். அரைச் சுரத்துக்கு வேகப் பெருக்கம் 1.0595. சுருதியைக் காத்துக்கொண்டு வேகத்தை மட்டும் மாற்றும் வசதியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். அது இயங்கினால் நாதம் மாறாது. வாசிப்பவர் குழலையும் அரைச் சுரம் உயரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கேசட். முடிந்த கலவையை ஒரு கேசட்டில் ஏற்றித் திரும்ப இறக்கினால் லேசான அலைவும் மென்மையும் வரும். தனித் தடங்களை இப்படி அனுப்பாதீர்கள். கேசட்டின் வேகம் நிலையாக இருக்காது. நான்கு நிமிடத்தில் அந்தத் தடம் மற்றவற்றோடு விலகிப்போகும்.

## 9. மிக்ஸிங்

குரலையும் கிதாரையும் முதலில் சமன்செய்து, அதன்பின் தம்புராவைக் கேட்டும் கேளாமலும் இருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். தம்புராவை நிறுத்தினால் வெறுமை தெரிய வேண்டும். ஓடும்போது அதன்மேல் கவனம் போகக்கூடாது.

கலவையை மோனோவில் (இடம் வலம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஒலியில்) மாற்றிக் கேளுங்கள். அகலத்துக்காகப் போட்ட கோரஸும் ஃபேஸரும் சில சமயம் மோனோவில் அப்படியே மறைந்துவிடும். ஃபோன் ஒலிபெருக்கியிலும், மிகக் குறைந்த ஒலியிலும் கேளுங்கள். இரவில் செய்த ரிவெர்ப் அளவைக் காலையில் மறுபடி பாருங்கள். களைத்த காது எப்போதும் அதிகமாகவே போடும்.

## 10. வரிசையும் மாஸ்டரிங்கும்

பாட்டு வரிசையை மாஸ்டரிங்குக்கு (ஆல்பம் முழுவதற்குமான இறுதி ஒலிச் சீரமைப்புக்கு) முன் முடிவுசெய்யுங்கள், ஏனென்றால் ஒரு பாட்டின் அளவு அதற்கு முன்னால் வருவதைப் பொறுத்தது. ஒரே ஸட்ஜத்தில் மூன்று பாட்டு அடுத்தடுத்து வந்தால் மூன்றாவது பலவீனமாகத் தெரியும். இசைத்தட்டு போடுவதானால் பக்கத்தின் கடைசியில் அமைதியான பாட்டை வையுங்கள். உள்வட்டத்தில் சிதைவு அதிகம்.

மாஸ்டரிங் செய்பவரிடம் 24 பிட் வேவ் கோப்பு, உச்சம் மைனஸ் 3 டெசிபலுக்குள், லிமிட்டர் (உச்சங்களை அழுத்தும் கருவி) இல்லாமல் கொடுங்கள். வேறு ஒருவர் செய்வது நல்லது. இத்தனை மாதம் கேட்ட காது குறையைத் தாண்டிப் போய்விடும். ஸ்பாடிஃபை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமன்செய்கிறது. அதைவிட உரக்க நசுக்கிக் கொடுத்தால் அது குறைத்துவிடும். நசுங்கல் மட்டும் நிற்கும். மெல்லிய வாசிப்பே உயிரான இந்த இசைக்கு அது பெரிய சேதம். உண்மை உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும்.

## 11. வெளியீடு

ஆல்பத்தை ஸ்பாடிஃபை போன்ற இணையக் கடைகளுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் ஆல்பம் நீங்கிவிடுமா? சில இடங்களில் நீங்கிவிடும்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி அடையாளக் குறியீடு கிடைக்கும். அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நிறுவனம் மாறும்போது அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் கேட்பு எண்ணிக்கை தொடரும்.

அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல், சதுரம். அதில் இணைய முகவரி, விலை, கடைச் சின்னம் எதுவும் கூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். கலைஞர் பெயரைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். ஓரெழுத்து மாறினாலும் இரண்டு பக்கங்களாகப் பிரிந்துவிடும். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறிக்க மறக்காதீர்கள்.

நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாடிஃபை ஆசிரியர் குழுவின் பார்வைக்குப் பாட்டை அனுப்பக் குறைந்தது ஏழு நாள் இடைவெளி வேண்டும். கோப்பில் பிழை வந்தால் திருத்தவும் நேரம் வேண்டும். கலைஞர்கள் நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்பிலும் வையுங்கள். அது டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. முழு ஆல்பமாக வாங்கிக் கேட்பவர்கள் அங்கேதான் அதிகம்.

## 12. வெளியான வாரம்

வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் பாடல் ராயல்டியை வசூலித்துத் தரும் இந்திய அமைப்பான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிவுசெய்யுங்கள். விநியோக நிறுவனம் கொடுப்பது ஒலிப்பதிவின் வருமானம். பாடலின் ராயல்டி அந்த வழியாக வருவதில்லை. மூன்றாம் படியில் கையெழுத்து வாங்கிய சதவீதத் தாள் இங்கே தேவைப்படும்.

பிறகு ஆல்பத்தை ஒரு சாதாரணக் கேட்பவராக, கடையிலிருந்து, முதல் பாட்டிலிருந்து கேளுங்கள். தம்புரா ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குத் தொடரும் இடங்களில் இடைவெளி விழுந்திருக்கிறதா, பாட்டு வரிசை சரியா, வாசித்தவர்கள் எல்லோருடைய பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்ட பெயர் இருந்தால் அன்றே விநியோக நிறுவனத்துக்குத் திருத்தம் அனுப்புங்கள். எல்லாக் கடைகளிலும் அது மாறிச் சேரச் சில நாட்கள் பிடிக்கும்.